மாதவிலக்கு நிற்கும் வயதில் ‘நேச்சுரல்’ புரோஜெஸ்டிரோன்: தடவலாமா, விழுங்கலாமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 48. வீட்டை ஒட்டி கொஞ்சம் தேயிலை இருக்கிறது, அவரே பறிக்கிறார். ஒரு வருடமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. ஒரு தடவை 20 நாளில் வருகிறது, அடுத்தது 50 நாள் ஆகிறது. வந்தால் பத்து நாள் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. இரவு இரண்டு மணிக்கு உடம்பு குப்பென்று எரிந்து, கம்பளியை உதறிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் ஒரு கிரீம் வாங்கித் தந்திருக்கிறார். ‘நேச்சுரல் புரோஜெஸ்டிரோன், காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்தது, பக்கவிளைவே கிடையாது, ஹார்மோன் பேலன்ஸ் ஆகிவிடும்’ என்கிறார். தடவலாமா என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கிரீமை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு ஸ்கேன். அதைப் பார்த்த பிறகு, இதே புரோஜெஸ்டிரோனை உங்கள் மருத்துவரே எழுதித் தரக்கூடும். ஆனால் அது கேப்ஸ்யூலாக இருக்கும், அளவு தெரிந்து, நாள் கணக்கு வைத்துச் சாப்பிடுவதாக இருக்கும். குன்னூரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பெண்கள் மருத்துவம் பார்க்கிறேன். இந்த மருந்து மீது எனக்கு நல்ல மதிப்பு உண்டு. அதனால்தான் அதைத் தேங்காய் எண்ணெய் மாதிரி எடுத்துத் தடவிக்கொள்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மாதாமாதம் சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளியே வருகிறது. அது வந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சிறு திரட்சி உருவாகும். புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது அதுதான். நாற்பதுகளின் நடுவில் முட்டை சில மாதம் வரும், சில மாதம் வராது. வராத மாதத்தில் அந்த மஞ்சள் திரட்சி இல்லை, ஆகவே புரோஜெஸ்டிரோனும் இல்லை. ஆனால் சினைப்பையின் இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அப்போதும் சுரந்துகொண்டுதான் இருக்கும், ஏறுவதும் இறங்குவதுமாக.

உங்களுக்குத் தேயிலை தெரியும். பறிக்காமல், கவாத்து வெட்டாமல் விட்டால் இடுப்பளவுச் செடி மரமாக வளர்ந்துவிடும் அல்லவா? கர்ப்பப்பையின் உள் சவ்வும் அப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தும். பிறகு புரோஜெஸ்டிரோன் குறையும்போது சவ்வு மொத்தமாக, ஒழுங்காக உதிரும், அதுதான் மாதவிலக்கு. புரோஜெஸ்டிரோன் வராத மாதங்களில் சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் அங்கங்கே உதிர ஆரம்பிக்கிறது. 50 நாள் கழித்து வந்து பத்து நாள் நிற்காமல் போவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நார்க்கட்டி இருக்கலாம், சவ்வில் சதை வளர்ந்திருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம். சவ்வு நெடுநாள் தடித்தே இருந்து புற்றுநோயின் முன்நிலைக்குப் போயிருக்கவும் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரியான ரத்தப்போக்குதான். 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் ஸ்கேனும், தேவைப்பட்டால் சவ்விலிருந்து துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

என்னிடம் வந்த ஒரு பெண் இதுபோல ஒரு கிரீமை எட்டு மாதம் தடவியிருந்தார். ரத்தப்போக்கு நடுவில் கொஞ்சம் குறைந்ததும், பேலன்ஸ் ஆகிவருகிறது என்று நம்பிவிட்டார். என்னிடம் வந்தபோது ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே. படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சவ்வு மிகவும் தடித்திருந்தது. நல்லவேளையாகப் பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை, மருந்திலேயே சரியாகிவிட்டது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

சரி, ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். குழப்பம் பாதி அதில்தான் இருக்கிறது. கிழங்குக் கதை முழுப் பொய் அல்ல. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருக்கும் டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, ஆய்வகத்தில் படிப்படியாக மாற்றி, புரோஜெஸ்டிரோனை ஏராளமாகத் தயாரித்துக் காட்டினார். அதுவரை விலங்குகளின் சினைப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் மலிவானது. ஆனால் அந்த மாற்றம் நடந்தது கண்ணாடிக் குடுவையில். மனித உடம்பில் அதைச் செய்யும் நொதி கிடையாது. கிழங்கைச் சாப்பிட்டாலும், அரைத்துப் பூசினாலும், அதன் சாறு கலந்த கிரீமைத் தடவினாலும் அதிலிருந்து ஒரு துளி புரோஜெஸ்டிரோன்கூட உடம்பில் உருவாகாது.

நம் மலையிலேயே இதற்கு எதிர்மாறான உதாரணம் இருக்கிறது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் சிங்கோனா நட்டார்கள். அந்தப் பட்டையிலேயே கொயினா இருக்கிறது. பட்டையைக் கஷாயம் வைத்தாலும் மலேரியா காய்ச்சலுக்குக் கேட்கும். வள்ளிக்கிழங்கு அப்படி அல்ல, அதில் இருப்பது மூலப்பொருள் மட்டும். கூடலூர் பக்கம் காட்டில் கிழங்கு தோண்டிச் சாப்பிடும் மக்களின் உணவு அருமையான உணவு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பசிக்குச் சாப்பிடுங்கள், ஹார்மோனுக்காக வேண்டாம். நாத்தனார் தந்த கிரீமின் அட்டையையும் கவனித்துப் படியுங்கள். ‘காட்டுக் கிழங்குச் சாறு’ என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஹார்மோனே இல்லை. புரோஜெஸ்டிரோன் இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அது ஆய்வகத்தில் செய்த நிஜ ஹார்மோன். அப்படியானால் அது மருந்து.

மருத்துவர்கள் ‘இயற்கைப் புரோஜெஸ்டிரோன்’ என்று சொல்லும்போது மூலம் செடியா விலங்கா என்பதைச் சொல்லவில்லை. உங்கள் சினைப்பை சுரப்பதும் இதுவும் அணு பிசகாமல் ஒரே மூலக்கூறு என்பதுதான் அதற்குப் பொருள். ஹெத்தை பண்டிகைக்கோ ஊட்டி மாரியம்மன் தேருக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்குவோமே, அது நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்டிரோனின் வேலையைச் செய்யும், ஆனால் வேறு மூலக்கூறு. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும் அந்த மாதிரி செயற்கை வகைதான். ரத்தப்போக்கை உடனே கட்டுப்படுத்த அவை மிக நன்றாக வேலை செய்யும், நானே எழுதுகிறேன். செயற்கை என்பதால் கெட்டது, இயற்கை என்பதால் தீங்கற்றது என்று பிரித்துவிட வேண்டாம்.

இருந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் உண்டு. அது பெரிதாகப் பேசப்பட்டது 2002-க்குப் பிறகு. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றை அந்த வருடம் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனோடு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் சேர்த்து எடுத்தவர்களில், ஒரு வருடத்தில் 10,000 பேருக்கு 38 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 30. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஆனால் செய்தி பரவிய வேகத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. உலகம் முழுக்க ஹார்மோன் என்றாலே பயம் பிடித்துக்கொண்டது.

பிரான்சில் வேறு பழக்கம் இருந்தது. அங்கே ஈஸ்ட்ரோஜனோடு இயற்கைப் புரோஜெஸ்டிரோனைச் சேர்த்துக் கொடுப்பது வெகுகாலமாக வழக்கம். 80,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பெண்களைப் பின்தொடர்ந்து 2008-ல் வந்த முடிவில், அந்தச் சேர்க்கையை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை, செயற்கை வகையைச் சேர்த்தவர்களிடம் கூடியிருந்தது. இன்னும் நீண்ட காலம் பார்த்தபோது, ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தவர்களிடம் இயற்கை வகையிலும் கொஞ்சம் கூடுவது தெரிந்தது. இதில் ஆய்வாளர்கள் யாருக்கும் மருந்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை, அவரவர் எடுத்துக்கொண்டதைக் கவனித்துக் கணக்கிட்டார்கள், அவ்வளவுதான். ஆக, இயற்கை வகைதான் எனக்கும் முதல் தேர்வு. பக்கவிளைவே இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இது செய்யும் வேலைகளில் நன்றாக நிரூபணமானது கர்ப்பப்பைச் சவ்வைக் காப்பது. உடம்பு குப்பென்று எரியும் இந்த வெக்கைக்காக ஈஸ்ட்ரோஜன் ஜெல்லோ மாத்திரையோ எடுக்கும் பெண்ணுக்குக் கர்ப்பப்பை இருந்தால், கூடவே புரோஜெஸ்டிரோன் வகை ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சவ்வு தடித்துப் புற்றுநோய் அபாயம் ஏறும். 1995-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல் எடுத்தவர்களின் சவ்வு பத்திரமாக இருந்தது, நல்ல கொழுப்பின் அளவும் செயற்கை வகை எடுத்தவர்களைவிட மேலாக இருந்தது. இப்போதும் அதே கணக்குதான். மாதவிலக்கு இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மில்லிகிராம், நின்று வருடம் ஆனவர்களுக்குத் தினமும் 100 மில்லிகிராம் என்பது பொதுவான முறை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இது பெரும்பாலும் தேவையே இல்லை.

அடுத்தது தூக்கம். கேப்ஸ்யூலாக விழுங்கும்போது கல்லீரல் இந்த ஹார்மோனின் ஒரு பகுதியை அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாற்றுகிறது. மூளையைச் சாந்தப்படுத்தும் ஏற்பிகளில் அது போய் உட்காருகிறது. ஆகவே படுக்கப்போகும்போது எடுத்தால் பலருக்குத் தூக்கம் நன்றாக வரும். ‘டாக்டரம்மா, நாலு வருடம் கழித்து விடியும்வரை தூங்கினேன்’ என்று ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதே காரணத்தால் இதைப் பகலில் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு ஸ்கூட்டி ஓட்டி, கொண்டை ஊசி வளைவில் இறங்குவது ஆபத்து. ஆரம்பத்தில் சிலருக்குக் காலையிலும் தலை லேசாகச் சுற்றும், அப்படி இருந்தால் சரிவில் பறிக்கப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உணவோடு எடுத்தால் உடம்பில் ஏறும் அளவு கூடும், மயக்கமும் கூடும். மயக்கம் ஒத்துவராதவர்களுக்கு அதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்வது உண்டு, கர்ப்பப்பைக்கு நேராகப் போய்ச் சேரும்.

வெக்கைக்கு? ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும்போது வீட்டுக்குள் ஒரு பெண் வியர்த்து ரவிக்கை நனைந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இருப்பவர்கள் காய்ச்சலா, பயமா என்று கேட்பார்கள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி மிகவும் தொட்டாச்சிணுங்கியாக ஆகிவிடுகிறது. இம்மியளவு சூடு ஏறினாலும் பெரிதாக எடுத்துக்கொண்டு, ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி வியர்க்க வைக்கிறது. இதற்கு மிகச் சிறந்த மருந்து ஈஸ்ட்ரோஜன்தான். புரோஜெஸ்டிரோன் மட்டும் தனியாகக் கேட்குமா என்றால், நிலைமையைப் பொறுத்தது. கனடாவில் மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு இரவில் 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2012-ல் வந்தது, வெக்கை தெளிவாகக் குறைந்தது. உங்களைப் போல இன்னும் மாதவிலக்கு வந்துகொண்டிருப்பவர்களிடம் அதே மருத்துவக் குழு 2023-ல் வெளியிட்டதில் வெக்கையின் மொத்தக் கணக்கில் நிச்சயமான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரவு வியர்வை குறைந்தது, தூக்கம் மேம்பட்டது என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். உங்கள் பிரச்சினை இரவு இரண்டு மணிப் பிரச்சினை என்பதால் இது உங்களுக்குப் பொருந்தக்கூடும்.

கிரீமை ஏன் வேண்டாம் என்கிறேன்? தோல் வழியாக இந்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறும் அளவு மிகக் குறைவு, ஆளுக்கு ஆள் மாறவும் மாறும். கர்ப்பப்பைச் சவ்வைக் காக்க அது போதாது. 1990-களில் கலிபோர்னியா மருத்துவர் ஜான் லீ இந்தக் கிரீமைப் பெரிய அளவில் பரப்பினார். ‘ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்’ என்ற பேச்சு பரவியதும், கிரீம் எலும்பை வளர்க்கும் என்ற நம்பிக்கை வந்ததும் அவர் வழியாகத்தான். 1999-ல் ஓர் ஆய்வில் தினம் 20 மில்லிகிராம் தடவியவர்களுக்கு வெக்கை குறைந்தது, எலும்பில் ஒரு மாற்றமும் இல்லை. 2003-ல் ஆஸ்திரேலியாவில் 32 மில்லிகிராம் தடவிப் பார்த்ததில் வெக்கையும் குறையவில்லை. இப்படி முன்னுக்குப் பின்னாக இருப்பதை நம்பி, ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் ஒரு பெண் கிரீமையே காப்பாக வைத்துக்கொண்டால் அது விபரீதம்.

‘பேலன்ஸ்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தராசில் இரண்டு தட்டு சமமாக நிற்பது மாதிரி ஒரு நிலை இந்த வயதில் கிடையாது. இன்றைக்கு எடுத்த ஈஸ்ட்ரோஜன் அளவும் பத்து நாள் கழித்து எடுத்ததும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். ஆகவே பெரிய தொகை வாங்கிக்கொண்டு செய்யும் ஹார்மோன் டெஸ்ட் பேக்கேஜும், எச்சிலில் பார்க்கும் டெஸ்டும் 48 வயதில் உங்களுக்கு வேண்டாம். கிரீம் தடவியவர்களுக்கு எச்சிலில் அளவு தாறுமாறாக ஏறிக் காட்டும், ரத்தத்தில் அவ்வளவு இருக்காது. நான் எழுதும் டெஸ்ட் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன், கூடவே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, அவ்வளவுதான். குன்னூர் லாலி மருத்துவமனை, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எது பக்கமோ அங்கே பெண்கள் பிரிவில் காட்டுங்கள்.

ஸ்கேனும் பயாப்ஸியும் நன்றாக இருந்து, முட்டை வராததுதான் காரணம் என்று தெரிந்தால் வழி நிறைய இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல் நாள் கணக்கு வைத்து எடுப்பது ஒன்று. ரத்தப்போக்குதான் உங்களை வாட்டுகிறது என்றால், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் அதைவிட நன்றாகக் கேட்கும், சில வருடங்களுக்குக் கவலை இல்லை. உடனடியாகப் போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. இவ்வளவும் இருக்க, ‘இனி எதற்கு அது, எடுத்துவிடுங்கள்’ என்று முதல் சந்திப்பிலேயே யாராவது கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். என் சொந்த அக்காவுக்கே ஒரு மருத்துவமனையில் 44 வயதில் அப்படிச் சொன்னார்கள். மூன்று மாத மருந்தில் சரியாயிற்று. இன்றைக்கும் அது அவள் உடம்பில்தான் இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள் கேப்ஸ்யூலைத் தானாக ஆரம்பிக்கக் கூடாது. குடும்பத்தில் சிக்கிள் செல் ரத்தசோகை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஈஸ்ட்ரோஜன் சேர்ப்பதா என்பதை அது மாற்றும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களும் சொல்ல வேண்டும், சில கம்பெனிக் கேப்ஸ்யூலில் கடலை எண்ணெய் இருக்கிறது. அப்புறம், இது கருத்தடை மாத்திரை அல்ல. மாதவிலக்கு முழுதாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரை எச்சரிக்கையாக இருங்கள், 47 வயதில் கர்ப்பமாகித் திகைத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலையில் இருப்பவர்களுக்கென்று ஒன்று. இவ்வளவு ரத்தம் போகும் பெண் சாப்பிட்ட கையோடு கெட்டியாக ஒரு டீ குடித்தால், கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராது. டீயை விடச் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுங்கள். சூடாக டீ குடித்ததும் வெக்கை கிளம்புகிறதா என்றும் கவனியுங்கள், சிலருக்கு அது நிச்சயமாகத் தூண்டும். ராத்திரி ஒரே கனத்த கம்பளிக்குப் பதில் மெல்லிய போர்வை இரண்டு மூன்றாகப் போர்த்தினால், சூடு ஏறும்போது ஒன்றை மட்டும் விலக்கலாம், வியர்த்த உடம்பு பனியில் விறைக்காது.

மருத்துவரிடம் போகும்போது கடைசி நாலு மாதத்துத் தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். என்றைக்கு வந்தது, எத்தனை நாள் போனது, அதிகமான நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்பது போதும். நாத்தனாரின் கிரீமையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அட்டையைப் படித்துப் பார்க்கட்டும். இதற்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே 108-ஐ அழைத்துவிடுங்கள்.